தங்கவயல் இல்லங்களிற் சிறுகாய மருத்துவம்

பெருங்காயத்திற்கே பாட்டும் நடுகல்லும் உண்டு. சிறுகாயத்திற்கு இரண்டும் இல்லை. கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதினோரும் இம்மரபினின்று விலகவில்லை. நிலத்தின் ஆழத்தே பாறை வெடித்து மாந்தர் மாண்ட நிகழ்ச்சிகளை எழுதினர். கல்தூசி படிந்து நுரையீரல் இறுகிய கொடுமையை எழுதினர். இந்நாட்டில் சிலிக்கோசிசு என்னும் அந்நோய் 1947இல் முதன்முதலாக அறிவிக்கப்பெற்றது இவ்வயலிலேதான் என்று மருத்துவப் பாடநூல்கள் கூறும். எழுதப்பட வேண்டியவையே அவை. ஆயினும் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்தவனின் முழங்கையில் இருந்த சிராய்ப்பையும், தகரக் கதவின் விளிம்பு கிழித்த பெண்ணின் விரலையும், மண்மேட்டிலிருந்து சறுக்கி விழுந்த சிறுவனின் முழங்காலையும் எவரும் எழுதவில்லை. அவற்றுக்கு மருந்திட்ட கைகளைப் பற்றியும் எழுதவில்லை. அக்கைகள் நம் பாட்டிமாருடையவை, அத்தைமாருடையவை. அவை என்ன செய்தன, எதனை எங்கிருந்து பெற்றன, எது நலம் செய்தது, எது தீங்கு செய்தது என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

தங்கவயலின் நவீன வாழ்வு 1880இல் ஜான் டெய்லர் குழுமம் சுரங்க மேலாண்மையை ஏற்றதிலிருந்து தொடங்குகிறது எனலாம். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை எளிய மக்கள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடியினர், குடும்பம் குடும்பமாக வந்தனர். நிலமற்றவர்கள் கையில் எடுத்துவந்த பொருள் சிறிது. அம்மியும் குழவியும் சிலர் கொணர்ந்தனர். அம்மியில் அரைப்பது எது என்னும் அறிவினை எல்லாரும் கொணர்ந்தனர். மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக அமைந்த 'லயன்' வீடுகளில் அவர்கள் குடியமர்ந்தனர். வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களும் பூந்தோட்டங்களும் மன்றங்களும் இருந்தமையால் இவ்வூருக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்னும் பெயர் வழங்கிற்று. 1902இலேயே சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் இவ்வயலுக்கு வந்துவிட்டது. அம்மின்னொளி முதலில் யாருக்கு எரிந்தது என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

சிறுகாயம் ஏன் வீட்டின் பொறுப்பாயிற்று? சுரங்கத்தார்க்கென்று சாம்பியன் ரீஃபில் பெரிய மருத்துவமனை இருந்தது. எலும்பு முறிந்தால், கை நசுங்கினால், நினைவு தப்பினால் அங்கே தூக்கிச் செல்வர். சிராய்ப்புக்கு யார் அங்கே சென்று வரிசையில் நிற்பது? நின்றால் ஒரு வேளைக் கூலி போகும். சட்டமும் அவ்வாறே வகுக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பத்து நாள்களுக்கு மேல் வேலை செய்ய இயலாதபடி முடக்கிய காயத்தையே காயமாகக் கொண்டது. அவ்வெல்லை 1933இல் ஏழு நாளாகவும், விடுதலைக்குப் பின் 1959இல் மூன்று நாளாகவும் குறைந்தது. மைசூர் சமஸ்தானம் பின்னர்த் தனக்கெனச் சட்டம் செய்துகொண்டதும் இவ்வழியை ஒட்டியே. ஆகவே மூன்று நாளில் ஆறிவிடும் காயம் சட்டத்தின் கண்ணுக்குக் காயமே அன்று. அஃது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆனால் அதே காயம் சீழ்ப்பிடித்தால் பத்து நாள் கூலி போகும், சில வேளை விரல் போகும், அரிதாக உயிரும் போகும். மூன்று நாளில் ஆறுவதா, முப்பது நாள் அழுகுவதா என்பதைத் தீர்மானித்த இடம் லயன் வீட்டின் பின்கட்டே.

காயங்கள் எங்கெங்கு நேர்ந்தன என்பதையும் சற்றே பார்ப்போம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கீழிறங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். வெற்றுடம்போடு வியர்வையில் நனைந்து வேலை செய்வோர்க்குத் தோல் ஊறி மெலிந்திருக்கும். அந்நிலையில் குவார்ட்சுக் கல்லின் கூர்முனை சற்று உரசினாலும் கிழியும். கிழிந்த இடத்தில் நுண்ணிய கல்தூசியும் படியும். மேலே வந்தாலோ தகரமும் மூங்கில் சிராயும். பெண்டிர்க்கு விறகு. பிள்ளைகளுக்குச் 'சயனைடு மேடு'.

இம்மேட்டைப் பற்றி வெளியூரில் வளரும் நம் இளையோர்க்கு ஒரு சொல். பாறையை மாவாக இடித்து அதிலுள்ள பொன்னைச் சயனைடுக் கரைசலால் பிரித்தெடுக்கும் முறைக்கு 1887இல் கிளாஸ்கோ நகரத்தார் காப்புரிமை பெற்றனர். தங்கவயலும் அம்முறையைக் கைக்கொண்டது. பொன் போக எஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குன்றுகளாயின. வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும் இயல்பினது எனினும், அம்மண் தூய மண் அன்று. அரைத்த சிலிக்காவும் பிற உப்புகளும் மலிந்தது. காற்றடிக்கும் மாதங்களில் அத்தூசி சோற்றிலும் விழும். பிள்ளைகளோ அக்குன்றைச் சறுக்குமரமாகக் கொண்டனர். மேட்டு மண் பட்ட சிராய்ப்பு என்று தெரிந்தால் நம் வீட்டுப் பெண்கள் மற்றக் காயத்தைக் கழுவுவதினும் இருமடங்கு நேரம் கழுவுவர். பிள்ளை அலறினாலும் விடார். அறிவியல் அறியாத அச்சத்தினாற் செய்தது என்று சிலர் கூறலாம். அச்சமே ஆயினும் சரியான அச்சம்.

காயத்தைக் காக்கும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு, புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையைக் காட்டுகிறது. மனையில் வேப்பிலை செருகுகின்றனர், வெண்கடுகு தூவுகின்றனர், நறும்புகை இடுகின்றனர், மையிழுது பூசுகின்றனர், யாழும் குழலும் மணியும் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடுகின்றனர். பேயை விரட்டச் செய்தவை என்பர் உரைகாரர். ஆயின் வேம்பும் புகையும் ஈயை விரட்டும் என்பதையும், புண்பட்டவனருகே ஒருவர் உறங்காதிருத்தல் எத்துணை நன்று என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். பதிற்றுப்பத்தில் பரணர், வெட்டுண்ட மார்பைத் தைக்கும் நெடிய வெள்ளூசியைக் குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவைக்கு ஒப்பிடுகிறார். அவ்வுவமை, தையலை அருகிருந்து கண்ட கண்ணினது. இவை அரசர் படையின் மருத்துவம். உழைப்பாளர் குடியின் மருத்துவம் பாட்டில் ஏறவில்லை. வாய்வழியாகவும் கைவழியாகவும் வந்தது.

கைவழி மரபு தங்கவயலை எய்தியதில் ஒருவரை நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர்; நீலகிரியிலும் பின்னர்ச் சென்னை இராயப்பேட்டையிலும் வாழ்ந்தவர். தம் இளமையில் கால் முடங்கியபோது பண்டிதர் செய்த மருத்துவத்தைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியுள்ளார். 1898இல் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் இங்கே ஊன்றிப் படிக்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் 1926இல் 'தமிழன்' மீண்டும் எழுந்தது தங்கவயலிலிருந்தே. அதன் ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர் தம் கூலியில் மிச்சம் பிடித்து இதழும் நூலும் நடத்திய ஊர் இது. இவ்வரலாற்றைச் சமயம், சமூகம் என்னும் கோணத்திலேயே பலரும் ஆய்ந்துள்ளனர். நமக்கோ வேறொன்றும் தோன்றுகிறது. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடையே மருத்துவம் அறிந்த குடிகள் இருந்தன, ஏடு படிக்கத் தெரிந்தவர் இருந்தனர் என்பதற்குப் பண்டிதரின் வாழ்வே சான்று. மூலிகையறிவு காட்டுமிராண்டித்தனம் அன்று, கல்வி என்னும் பெருமித உணர்வு லயன்களில் நிலவியதற்கு அவரைப் போன்றோர் ஒரு காரணம். 2005இல் சென்னைத் தாம்பரத்தில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம். தங்கவயலில் சிராய்ப்புக்கு முதல் மருந்து எது என்று வினவினால் பத்தில் எட்டுப் பேர் பச்சிலையைச் சொல்வர். வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூ, தாத்தாப் பூ என்று ஊருக்கொரு பெயர் பெற்ற சிறு செடி. வெள்ளையும் மஞ்சளுமாக நீண்ட காம்பில் ஒற்றைப் பூ தலையாட்டும். தெலுங்கில் 'புல் சாமந்தி' என்னும் பொருள்பட அதற்குப் பெயர். அதன் இலையைக் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிவர், இரத்தம் நிற்கும். ஆய்வுக்கூடங்களில் விலங்குகளின் மீது செய்த சோதனைகள் அதற்குக் காயத்தை ஆற்றும் தன்மை உண்டு என்று காட்டியுள்ளன. நம் முன்னோர் அறிவின் தொன்மை என்று இதனை மேடையில் முழங்குவோர் உளர். உண்மை அதனினும் சுவையானது. அச்செடி நம் நாட்டுச் செடியே அன்று! நடு அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்டு, கப்பலேறிக் களையாக உலகெங்கும் பரவியது. சங்கப் புலவர் எவரும் அதனைக் கண்டிருக்க முடியாது. வந்தேறிய செடியைக் கண்டு, முகர்ந்து, கசக்கி, இதற்கு இது ஆகும் என்று தேர்ந்து, அதற்குத் தமிழில் நாலைந்து பெயரும் வைத்தவர்கள் நம் பெண்கள். தொன்மையினும் இத்தேர்ச்சியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இத்தகைய தேர்ச்சி தங்கவயலோடு நிற்கவில்லை. கேரளத்தில் வெட்டுக்காயத்துக்குப் பிழியப்படும் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்னும் செடியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. எங்கும் விரைந்து பரவியதால் அப்பெயர் பெற்றது என்பர். மலேசியாவில் அதே செடிக்கு மலாய் மொழியில் 'விமானச் செடி' என்னும் பொருளில் பெயர். இரப்பர்த் தோட்டத்துக் கத்திக்காயத்துக்கு அங்குள்ளோர் அதைப் பிழிவதுண்டு. பெயர்ந்து சென்ற மக்களும் பெயர்ந்து வந்த செடிகளும் இப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: வழியோரத்து இலையில் நாய் நடந்த மண்ணும் ஒட்டியிருக்கும். நன்கு கழுவாத இலையின் சாறு, நோயையும் சேர்த்துப் பிழிவதாகும்.

அடுத்தது மஞ்சள். இதன் கதையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க அரசு, காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்குக் காப்புரிமை வழங்கியது. கண்டுபிடித்தோராகக் குறிக்கப்பட்ட இருவரும் இந்திய வழியினர் என்பது ஒரு முரண். நம் அடுக்களையில் நாள்தோறும் நிகழ்வதை அமெரிக்க ஆய்வகத்தின் புதுமை என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.), ஆர். ஏ. மசேல்கர் தலைமையில் அதனை எதிர்த்தது. 32 பழஞ்சான்றுகளைத் திரட்டியது. அவற்றுள் சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களும், 1953இல் இந்திய மருத்துவக் கழக இதழில் வெளிவந்த கட்டுரையும் அடங்கும். 1997 ஆகஸ்டில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

வெற்றிதான். ஆயினும் அவ்வழக்கின் உள்ளே ஒரு முள் இருக்கிறது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, வேற்று நாட்டில் மக்கள் ஒன்றைச் செய்துவருகின்றனர் என்பது மட்டும் சான்றாகாது. அச்சிலோ காப்புரிமையிலோ ஏறியிருக்க வேண்டும். கோடிக்கணக்கான தாய்மார் கோடிக்கணக்கான முழங்கால்களில் மஞ்சள் பூசியது கணக்கில் வரவில்லை. 32 தாள்களே கணக்கில் வந்தன. 2001இல் தொடங்கப்பெற்ற மரபறிவு மின்னூலகம் பழைய மருத்துவ நூல்களில் உள்ளவற்றைப் பதிவுசெய்து வருகிறது. ஏட்டில் இருந்தது காப்பாற்றப்பட்டது. தங்கவயல் பின்கட்டில் இருந்தது எந்த ஏட்டிலும் இல்லை. சுரங்கப் பதிவேடு விட்டுவிட்டதைக் காப்புரிமைப் பதிவேடும் விட்டுவிட்டது. இச்சிறு மலரிலாவது அதற்கு இடம் கொடுப்போம் என்று நாம் எழுதப் புகுந்ததற்கு இதுவே காரணம்.

மஞ்சளின் குணத்தைப் பொறுத்தவரை, அதிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை ஓரளவு அடக்குகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. பாட்டிமார் மஞ்சள் கிழங்கைக் கழுவி அம்மியில் இழைத்தனர். இன்று கடைத்தூளைக் கொட்டுகிறோம். நிறத்துக்காக ஈயக் குரோமேட்டு கலக்கப்படும் தூளும் சந்தையில் பிடிபட்டுள்ளது. அதனைத் திறந்த புண்ணில் இடுவது மரபும் அன்று, மருந்தும் அன்று. தேங்காயெண்ணெயில் ஊமத்தையிலைச் சாறும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம், வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் ஆகியவையும் சில வீடுகளில் இருந்தன. ஊமத்தை நஞ்சு, துத்தமும் நஞ்சே. முறையறிந்த சித்த மருத்துவர் செய்ததன்றி வீட்டிற் காய்ச்சுதல் ஆகாது.

நலம் செய்தவற்றை மட்டும் பாடிப் போவது நேர்மையாகாது. காப்பித்தூளைக் காயத்தில் அப்பினர். சிலந்தி வலையை எடுத்து ஒட்டினர். அடுப்புச் சாம்பலையும் விளக்குக்கு வைத்த மண்ணெண்ணெயையும் இட்டனர். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்தால் சிவந்து வரும். ஆரத்திக்கு அழகு, சுளுக்குக்கும் பற்றுப் போடலாம், ஆனால் தோலுரிந்த இடத்தில் சுண்ணாம்பு வெந்த புண்ணை உண்டாக்கும். யாவற்றினும் கொடியது சாணம். மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் இசிவு நோயின் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வாய்ப்பூட்டு, தனுர்வாதம் என்றெல்லாம் நம்மவர் அஞ்சிய நோய் அதுவே. துருப்பிடித்த ஆணியால் வருவது என்பது பாதி உண்மை. துருவில் அன்று, ஆணியில் ஒட்டிய மண்ணில் இருக்கிறது நோய். வில்லைப் போல உடல் வளைந்து, அறிவு தெளிந்திருக்கும்போதே மூச்சு முட்டி மாளும் சாவு அது. ஊசி வருமுன் எத்தனை வீடுகளில் முள் குத்தியதும், கொப்பூழில் சாணம் தடவியதும் பிள்ளையைக் கொண்டுபோயின என்பதை எண்ணினால் நெஞ்சு நடுங்கும். தடுப்பூசியும் தூய மகப்பேறும் பரவிய பின்னரே, 2015இல், தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் வரும் இசிவு நோய் இந்தியாவில் ஒழிந்ததாக உலக நல நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முன்னோர் செய்தது என்பதற்காக எதையும் தொடரலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அப்படியாயின் உண்மையில் காயத்தை ஆற்றியது எது? நாம் ஆராய்ந்த மட்டில் விடை மிக எளியது: தண்ணீர். இலைச்சாறும் மஞ்சளும் வருமுன் பாட்டி செய்த முதல் வேலை கழுவுதல். அதை அவளும் மருந்தாக எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை. 1867இல் ஜோசப் லிஸ்டர், காயம் அழுகுவது காற்றினாலன்று, கிருமிகளினால் என்று கண்டு கார்பாலிக் அமிலத்தால் கழுவும் முறையை வெளியிட்டார். அதன் பின் நூறாண்டுக்கு மேல் எரிகின்ற மருந்துகளே நல்ல மருந்துகள் என்னும் கொள்கை நிலவிற்று. இன்றோ, குடிக்கத் தகுந்த குழாய்நீரால் சிறுகாயத்தைக் கழுவுவது, மருத்துவமனை உப்புநீரால் கழுவுவதற்குத் தாழ்ந்ததன்று என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் தங்கவயலில் தண்ணீர் எளிய பொருளா? மழை குறைந்த மேட்டு நிலம். பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து குழாய்வழி வந்த நீர், லயன்களின் பொதுக்குழாய்களில் குறித்த வேளையில் விழும். குடங்கள் வரிசையில் நிற்கும். அவ்வரிசையிலேயே சண்டையும் சிராய்ப்பும் நேரும்! நான்கு குடம் நீரில் ஒரு குடும்பத்தின் சமையலும் குளியலும் நடந்தாக வேண்டும். அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளையின் முழங்காலுக்காக இரண்டு செம்பு நீரைக் கொட்டுவது சிறு செயலா? மஞ்சள் காலணாவுக்குக் கிடைக்கும்; இலை சும்மா கிடைக்கும்; நீருக்குத்தான் விலை. கழுவியவள் தன் குளியலில் இரண்டு செம்பு குறைத்துக்கொண்டாள் என்று பொருள்.

நிறமுள்ள மருந்துகள் பின்னர் வந்தன. டிங்சர் அயோடின் எரியும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பெருமையோடு பல்லைக் கடித்துக்கொள்வர். மெர்குரோகுரோம் என்னும் சிவப்பு மருந்து எரியாது. ஆகவே பிள்ளைகளின் அன்பைப் பெற்றது. அதில் பாதரசம் இருப்பதால் 1998இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனைப் பாதுகாப்பானவற்றின் வரிசையிலிருந்து நீக்கியது. நீல நிறத்துச் செஞ்சியன் வயலட்டு, சிபசால் பொடி, பர்னால் களிம்பு என ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நிறம். வீட்டிலிருந்த மருந்து இன்னதென்று சொன்னால் அவர் பிறந்த ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பச்சிலை போய் மருந்து வந்தது என்று கருதலாகாது. இரண்டும் ஒரே மாடக்குழியில் அருகருகே இருந்தன. பகலில் அயோடின், இரவில் வேப்பெண்ணெய்.

நுண்ணுயிர்க்கொல்லி வந்தபின் அச்சம் குறைந்தது. அதன் தொடக்கக் கதையிலும் ஒரு கீறல் இருக்கிறது. 1941 பிப்ரவரி 12இல் ஆக்சுபோர்டில் பெனிசிலின் ஏற்றப்பெற்ற முதல் நோயாளிகளுள் ஒருவர் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலர். ரோசா முள் கீறிய காயம் முகமெங்கும் அழுகிப் பரவியது என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். பின்னாளில் அவர் குடும்பத்தார் வழியாக, குண்டுவீச்சிற் பட்ட காயம் அது என்னும் செய்தி வெளிவந்தது. மருந்து ஏற ஏற அவர் தேறினார். மருந்து தீர்ந்தது, அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், போதவில்லை. மார்ச்சு 15இல் மாண்டார். சிறுகாயம் என்பது ஆறிய பின் சூட்டும் பெயர் என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

1962இல் ஜார்ஜ் விண்டர் என்பார் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு மற்றொரு பழக்கத்தையும் புரட்டிப் போட்டது. காயத்தைக் காற்றாட விட்டுப் பொருக்குத் தட்டவிடுதலே நன்று என்று நாம் நம்பினோம். மூடி ஈரம் காத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் வளர்ந்ததாக அவர் கண்டார். எண்ணெய் தடவிப் பழந்துணியால் கட்டிய பாட்டியின் முறை இதற்கு அருகில் நிற்கிறது. துணியைக் கொதிக்கவைத்து உலர்த்தியிருந்தால் இன்னும் அருகில் நின்றிருக்கும்.

வேற்றூர்களில் வாழும் நம் குடும்பத்தார்க்குப் பயன்படும் வகையில் இன்றைய மருத்துவர் கூறுவதையும் சொல்லிவிடுவோம். முதலில் மருந்திடுபவர் தம் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. குருதி வடிந்தால் தூய துணியால் சில நிமிடம் இடைவிடாது அழுத்துக. ஓடும் நீரில் காயத்தை நன்கு கழுவி, மண்ணும் கல்லும் போகச் செய்க. சோப்பைச் சுற்றியுள்ள தோலுக்கு இடலாம். வாசலின் போன்ற களிம்பை மெல்லிதாகத் தடவி மூடுக; நாள்தோறும் கட்டை மாற்றுக. வாயால் ஊதவேண்டா; தாயின் ஊதலில் அன்போடு கிருமியும் உண்டு. சிவப்புப் படர்ந்தாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும், காயத்திலிருந்து செங்கோடு மேலேறினாலும், கல்லோ கண்ணாடியோ உள்ளே தங்கினாலும் மருத்துவரிடம் செல்க. நீரிழிவுள்ளோர் காலில் உண்டான கீறலைச் சிறிதென்று எண்ணற்க. விலங்கு கடித்ததும் பிறாண்டியதும் இக்கணக்கில் சேரா. வெறிநோய்க்கு அஞ்சி உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை அவை. இசிவு ஊசியை முறையாகப் போட்டவர்க்கு, தூய சிறுகாயமாயின் பத்தாண்டும், மண்பட்ட காயமாயின் ஐந்தாண்டும் கடந்திருந்தால் மறு ஊசி வேண்டும்.

தங்கவயலில் 1930இல் ஒரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துப் பல்லாயிரவர் மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். கல்லிலும் கடப்பாரையிலும் தேய்ந்து கீறி ஆறிய விரல்கள் அவை. அந்தத் தோல் யாருக்கு உரியது என்பதே அன்றைய வழக்கு என்று சொல்லத் தோன்றுகிறது. நிறுவனம் தோலின் கோடுகளைக் கேட்டது. தோலின் காயங்களைக் கேட்கவில்லை.

1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை இழந்த வீடுகளின் மக்கள் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் இரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். அந்த இரயிலில் ஏறும் நெரிசலில் ஓர் இளைஞனுக்கு முழங்கை உரசித் தோல் வழன்று போகும். பக்கத்தில் நிற்கும் தங்கவயல் பெண்மணி முன்பின் அறியாதவராயினும் தம் பைக்குள் கைவிட்டு நீர்ப்புட்டியை எடுப்பார். நாள் முழுவதற்கும் வைத்திருந்த நீரில் பாதியைச் சாளரத்துக்கு வெளியே அவன் கையை நீட்டச் செய்து ஊற்றுவார். "அசையாத இருப்பா, மண்ணு போவட்டும்" என்பார். ஊற்றி முடித்த பின்பே, "ஊசி போட்டு எத்தினி வருசமாச்சு?" என்று கேட்பார்.